கால் வரைக்கும் தெரியணும்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. யாரோ சொல்லி, யாரோ கேட்டு, வாய் மாறி வாய் மாறி வளர்ந்த சமாச்சாரம் இல்லை. என் நாத்தனாருக்கு நடந்தது. என் கணவரின் ஒரே தங்கை. பொய் சொல்ல வராதவள். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த அன்று, "கோவிச்சுக்காதீங்க அண்ணி, நல்லாவே இல்ல" என்று வாசலில் வைத்தே சொன்னவள்.

இதை அவள் முழுதாகச் சொன்னது ஒரே ஒரு முறைதான். என் சமையலறையில், கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து சொன்னாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அதை நிறுத்துங்க அண்ணி" என்று மூன்று தடவை கேட்டாள். நான் திருகி, துணி சுற்றி, சத்தம் அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

இதில் வரும் நேரங்கள் எதையும் நான் குத்துமதிப்பாகப் போடவில்லை. அவளுடைய கேமரா ஒவ்வொரு படத்தோடும் மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடும். அந்தப் பட்டியலை என் கண்ணால் பார்த்தேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நாத்தனார் பன்னிரண்டு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, காத்திருப்பவர்களின் கோபத்தையெல்லாம் டாக்டருக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்வது, இதுதான் வேலை. எல்லோரும் 'டோக்கன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பல்வலியோடு வருகிறவன் எப்படிப் பேசுவான் என்று சொல்லவா வேண்டும்? யார் எவ்வளவு கத்தினாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "சரிங்க." அந்த "சரிங்க" அவள் நாக்கில் ஒட்டிப்போய்விட்டது. வீட்டில் தூக்கத்தில்கூடச் சொல்வாளாம்.

முப்பத்தாறு வயதில் ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, போட்டோ எடுக்கப் போகிறேன் என்றாள். என் கணவர் சிரித்தார். "அங்கயும் பல்லைக் காட்டச் சொல்ற வேலை, இங்கயும் பல்லைக் காட்டச் சொல்ற வேலை. பெருசா என்ன மாறிடப் போகுது?" அவள் சிரிக்கவில்லை. "பாத்துக்கிட்டே இருண்ணா" என்றாள்.

எட்டு மாதம் எங்கள் எல்லோரையும் எடுத்துத் தள்ளினாள். துணி காயப்போடும் நான், தூங்கும் அவள் கணவன், ஜன்னல் விளிம்பில் பூனை. நன்றாகத்தான் எடுத்தாள். ஆனால் வெளி ஆள் ஒருவரும் கூப்பிடவில்லை. தன் எண்ணை எங்கெல்லாமோ போட்டு வைத்தாள். தெருவில் கேட்பவர்களிடம் "நிறைய வருது, நான்தான் பாத்து எடுத்துக்கறேன்" என்று சமாளித்தாள். ராத்திரி என்னிடம் போனில் அழுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பேச்சு நடந்தது. மொத்தம் நாற்பத்தேழு நொடி. ஒரு பெண் குரல். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"போட்டோ எடுக்கறவங்கதானே?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"சனிக்கிழமை சாயங்காலம். கடற்கரை. நாங்க நாலு பேர்."

எந்தக் கடற்கரை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஸ்கூட்டரில் ஒரு மணி நேர தூரம். நாத்தனார் அங்கே போனதே இல்லை.

"கால் வரைக்கும் தெரியணும்" என்றது குரல். "போன தடவை கால் வரல."

"கண்டிப்பா எடுத்துடலாங்க. எத்தனை மணிக்கு வரட்டும்?"

"உங்களுக்கே தெரியும்."

வைத்துவிட்டாள்.

சூரியன் மறையும் நேரம் போட்டோகாரிக்குத் தெரியாதா என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறாள் என்று நாத்தனார் எடுத்துக்கொண்டாள். அன்று மாலை என் வீட்டுக்கு ஓடி வந்து, "அண்ணி, நாலு பேர்! முழுக் குடும்பம்!" என்று குதித்ததை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு நானே சாட்சி.

சனிக்கிழமை. சூரியன் மறைவது 6.19 என்று குறித்து வைத்திருந்தாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது மணி 5.26. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் நின்றுவிட்டது, பார்த்துவிட்டு 6.30க்கு வந்துவிடுகிறேன் என்றான்.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல. மூணு தடவை பேட்டரியைப் பாத்துட்டேன், அவ்வளவுதான்."

"லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு எடு. மத்ததெல்லாம் தானா வரும்."

அவன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சின்னக் கடற்கரை. சிமெண்டுப் படிகள், துருப்பிடித்த கைப்பிடி, மூன்று விளக்குக் கம்பங்கள். ஒரு விளக்கு மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே எரிந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வெகு தூரத்தில், வடக்கு ஓரத்தில், உயரமான இரும்பு நாற்காலியில் கடற்கரைக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிவப்புக் கொடி. நாயோடு வந்த ஒரு ஆள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அந்த நாய் நடக்கவில்லை, அவரை இழுத்துக்கொண்டு போனது. ஓடத் துடித்தது என்று அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

குடும்பம் முன்பே வந்திருந்தது.

நான்கு பேரும் ஒரே வரிசையில், கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். அப்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தது. அம்மா மெலிந்த உருவம், கையில் கைப்பை. பெரிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கலாம். சின்னவளுக்கு ஏழெட்டு. நான்கு பேரின் பாதங்களும் மணலுக்குள் புதைந்திருந்தன. பிள்ளைகள் விளையாட்டுக்குக் காலைப் புதைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல. பெரியவர்களும் அப்படி நிற்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"வணக்கங்க. நான்தான்…"

"லேட்" என்றார் அப்பா.

"அஞ்சரைதாங்க ஆகுது."

"லேட்."

"சரிங்க."

அவள் போட்டு வைத்திருந்த கணக்கு வேறு. அந்தக் கடற்கரையில் சூரியன் மறைவது கடல் பக்கம். இவர்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, பின்னால் சூரியன் தெரிய எடுக்க வேண்டும் என்று வீட்டில் வரைந்து பார்த்து வைத்திருந்தாள். அதைச் சொன்னாள்.

"முகத்துல வெளிச்சம் விழணும்" என்றார் அப்பா. "நாங்க இப்படித்தான் நிப்போம். நீங்க அந்தப் பக்கம் போங்க."

அந்தப் பக்கம் என்றால் கடல் பக்கம். அதாவது அவள் முதுகு தண்ணீருக்கு.

"சரிங்க" என்றாள்.

முதல் படம். 5.41.08.

கண்ணைக் கேமராவில் வைத்ததும் ஒரு சின்ன உறுத்தல். அந்தக் கேமராவில் முகம் எங்கே இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் விழும். மனித முகம்தான் வேண்டும் என்றுகூட இல்லை, எங்கள் பூனைக்கே விழும். எதிரே நான்கு முகங்கள் இருந்தன. ஒரு கட்டம்கூட விழவில்லை.

தான்தான் எதையோ மாற்றி அமுக்கிவிட்டோம் என்று நினைத்தாள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவளுக்குத் தன் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். கட்டம் இல்லாமலே கையால் திருகி எடுத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. இறங்கும் வெயில் நேராக அவர்கள் கண்ணில் அடித்தது. அந்த வெயிலுக்கு எதிரே யாராக இருந்தாலும் கண்ணைச் சுருக்குவார்கள், கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். இவர்கள் கண்ணை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். சிமிட்டவில்லை. எட்டுக் கண்கள்.

"கால் வருதா?" என்று கேட்டாள் அம்மா.

முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னா வந்துடும்மா."

"அப்ப தள்ளி நில்லுங்க."

ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள் சின்னவள்.

எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்று கேமராவைத் திருப்பினாள். "பாக்காதீங்க" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வெளிச்சம் போயிடும். எடுங்க."

"சரிங்க."

"ரெண்டு" என்றாள் சின்னவள். "மூணு."

அவள் அடி வைப்பதை அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள்.

5.47. கால் வரவில்லை. பின்னால் போனாள். 5.49. கால் வரவில்லை. ஈர மணலுக்கு வந்துவிட்டது தெரிந்தது, காலடியில் மண் இறுகியது. ஆறு அடி, எட்டு அடி தள்ளி வந்தாயிற்று. படத்துக்குள் மட்டும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். அதே அளவில். முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு.

"என்னம்மா, எடுக்கத் தெரியுமா தெரியாதா?" என்றார் அப்பா.

"தெரியும்ங்க. இந்த லென்ஸ்ல கொஞ்சம்…"

பெரிய பெண் சிரித்தாள். மூக்கால் காற்றை விடுவதுபோல ஒரு சிரிப்பு. "போன தடவையும் இதே கதைதான்" என்றாள்.

5.52. தோள்பையிலிருந்து அகல லென்ஸை எடுத்து மாற்றினாள். அதைப் போட்டால் ஒரு சின்ன அறையின் நான்கு சுவரையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம். மாட்டினாள். கண்ணை வைத்தாள்.

அதே அளவு.

அதே முழங்கால்.

அது நடக்கக் கூடிய காரியமே இல்லை. லென்ஸ் மாறினால் படம் மாறித்தான் ஆக வேண்டும். எட்டு மாதம் படித்தது அவளுக்கு அதையாவது கற்றுக் கொடுத்திருந்தது.

கேமராவை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தாள்.

அவர்கள் தூரத்தில் இருந்தார்கள். நல்ல தூரத்தில். மேலே, உலர்ந்த மணலில், முதலில் நின்ற அதே இடத்தில் நான்கு சின்ன உருவங்களாக நின்றிருந்தார்கள்.

கேமராவைத் தூக்கினாள்.

எதிரிலேயே இருந்தார்கள். சட்டைப் பொத்தானின் நூல் தெரியுமளவுக்கு எதிரில்.

இந்த இடத்தில் நான் அவளைக் கேட்டேன், "அப்பவே ஓடி வந்திருக்கலாமேடி?" என்று. அவள் என்னைப் பார்த்தாள். "ஓடணும்னுதான் தோணுச்சு அண்ணி. ஆனா அந்த அம்மா ஒண்ணு சொன்னாங்க" என்றாள்.

அந்த அம்மா சொன்னது இதுதான்:

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க. நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம். உங்களை நம்பி வந்தோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்."

பன்னிரண்டு வருடம் பிறர் கோபத்துக்குத் தலையாட்டியவள். முதல் முதலாகத் தன் பெயரில் ஒரு வேலை. அதை விட்டுவிட்டுப் போய் வீட்டில் என்ன சொல்வாள்? கால் வரவில்லை என்றா?

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கறேன்."

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அந்த அம்மா இருந்தது முப்பது அடிக்கு அப்பால். அலைச் சத்தம் வேறு. ஆனால் குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. ஆரம்பத்திலிருந்தே எல்லாக் குரலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

5.58.20. தண்ணீர் அவள் காலணிக்குள் புகுந்தது. சில்லென்று.

"பதினாலு" என்றாள் சின்னவள்.

படத்துக்குள் அப்பாவின் பேண்ட்டில் ஒரு கோடு தெரிந்தது. படத்தின் கீழ் விளிம்பை ஒட்டி, துணி ஈரமாகிக் கறுத்திருந்தது. மழையில்லை. அவர்கள் நிற்பது உலர்ந்த மணல்.

6.01. தண்ணீர் அவள் கெண்டைக்காலுக்கு வந்தது.

அப்பாவின் பேண்ட்டிலும் கோடு கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. அம்மாவுக்கும். பெரியவளுக்கும்.

சின்னவளுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

6.03. முழங்கால்.

அவர்களுக்கும் முழங்கால். சின்னவளுக்கு இடுப்பு.

கால் இப்போதும் வரவில்லை.

"எங்க கால் எங்கே?" என்றாள் பெரிய பெண். இப்போது சிரிக்கவில்லை.

"இதோ… ஒரு நிமிஷம்ங்க…"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

நாத்தனாருக்குப் புரியவில்லை. யாரும் யாரையும் வரச் சொல்லவில்லையே. அவர்கள்தானே கூப்பிட்டார்கள்?

"இருபத்தொண்ணு" என்றாள் சின்னவள். "இருபத்திரண்டு."

அப்போது நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். அடி வைக்கவில்லை.

எண்ணிக்கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"இருபத்திமூணு."

கீழே பார்த்தாள். தண்ணீர் தொடை வரை வந்திருந்தது. தான் நடக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். மண் நழுவியதா, கால் தானாகப் போனதா, தெரியாது.

6.07.44. ஒரு படம். ஏன் அமுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விரல் அமுக்கியது.

கேமராவை இறக்கினாள்.

மணலில் யாரும் இல்லை.

வெறும் மணல். சிமெண்டுப் படி. எரியும் ஒற்றை விளக்கு.

போய்விட்டார்கள் என்று நினைத்தாளாம். ஒரு நொடி, அப்பாடா என்று மூச்சு வந்ததாம்.

அப்புறம்தான் கவனித்தாள்… கடல் சத்தம் போடவில்லை. அலை வருகிறது. இடுப்பில் மோதுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

கேமராவைத் தூக்க வேண்டாம் என்று மனசு கத்தியது.

தூக்கினாள்.

நான்கு முகம்.

முகம் மட்டும். படம் முழுக்க. தலைமுடியிலிருந்து நீர் வழிந்தது. கண் சிமிட்டவில்லை.

விரல் தானாக அமுக்கியது. 6.09.31. அதுதான் கடைசிப் படம்.

"இப்ப கால் தெரியுதா?" என்றாள் அம்மா.

காதோரத்தில்.

அப்போது…

தண்ணீருக்கு அடியில்…

அவள் பாதங்களின் மேல் யாரோ ஏறி நின்றார்கள்.

இரண்டு சின்னப் பாதங்கள். குழந்தைகள் பெரியவர்களின் கால்மேல் ஏறி நிற்குமே, அப்படி. சில்லிட்ட, கனமான, சின்னப் பாதங்கள்.

காலைத் தூக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

"முப்பது" என்றது தண்ணீருக்குள்ளிருந்து.

தண்ணீர் மார்புக்கு வந்தது.

விசில்.

ஒரே ஒரு நீளமான விசில். வடக்குப் பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தாள். பார்த்த அந்த நொடி கால்மேல் இருந்த கனம் போயிற்று. கடல் சத்தம் மொத்தமாக ஒரே அடியாகத் திரும்பி வந்தது. அடுத்த அலை தலைக்கு மேல் விழுந்தது. உப்பு, இருட்டு, பிறகு ஒரு கை அவள் சட்டையின் பின்கழுத்தைப் பற்றி இழுத்தது.

காவலரின் தகரக் கொட்டகையில் அவளுக்கு நினைவு தெளிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் 6.22. ஒரு பழைய போர்வை. ஒரு டம்ளர் சுடுதண்ணீர். காவலர் வாசலுக்கு அருகே, அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். நனைந்த சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அவங்க… அந்தக் குடும்பம்… சின்னப் பொண்ணு தண்ணிக்குள்ள…" என்று இவள் உளறினாள்.

"இன்னும் எத்தனை தடவை?" என்றார் அவர்.

எத்தனை தடவை விசில் அடிப்பது என்று திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"சார், அவங்களைக் காப்பாத்துங்க. நாலு பேர்."

"அஞ்சரையிலருந்து பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க ஒருத்திதான். தனியா பேசிக்கிட்டே பின்னாடி பின்னாடி போனீங்க."

6.34க்கு அவள் கணவன் வந்தான். அவனிடம் மட்டும், "கூட்டிட்டுப் போங்க. திரும்பக் கூட்டிட்டு வராதீங்க" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உயிரைக் காப்பாற்றிய மனிதர் அப்படி வெறுப்போடு பேசியதுதான் வழி முழுக்க அவன் மனதை அரித்ததாம்.

கேமரா உப்புத் தண்ணீரில் செத்துப்போயிற்று. உள்ளே இருந்த மெமரி கார்டு பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நான், என் கணவர், அவள் கணவன். அவள் வரவில்லை, பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

முப்பத்தேழு படங்கள். ஒன்றில்கூட ஆள் இல்லை.

முதல் படத்தில் வெறும் மணல். நடுவில் எட்டுக் குழிகள், ஜோடி ஜோடியாக. பாதத் தடங்கள். விரல்கள் கேமராவைப் பார்த்து இருந்தன.

இரண்டாவது படத்திலும் எட்டுத் தடங்கள். கொஞ்சம் முன்னால்.

பத்தாவது படத்தில் ஈர மணலில்.

"யாரோ நடந்திருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் என் கணவர். ஆனால் நடந்தால் வரிசையாகத் தடம் விழும் இல்லையா? இங்கே நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு படத்தில் இங்கே இருந்த எட்டும் அடுத்த படத்தில் அங்கே. பழைய இடம் வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அவளை நெருங்கி நெருங்கி வந்தன. இருபத்தெட்டாவது படத்தில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு மீதிப் படங்களில் தடமே இல்லை, முன்னால் தண்ணீர், பின்னால் வெறும் மணல்.

என் கணவர் கம்ப்யூட்டரை அணைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டுக் கேக்கறேன்" என்று அவள் கணவன் நாத்தனாரின் கைபேசியை எடுத்தான். வியாழக்கிழமை மத்தியானப் பட்டியலைத் தேடினான். நாற்பத்தேழு நொடிப் பேச்சு இருந்தது. அதன் பக்கத்திலிருந்த அம்புக்குறியை என்னிடம் நீட்டிக் காட்டினான்.

அது வந்த அழைப்பு இல்லை.

இவள் போனிலிருந்து போன அழைப்பு.

அந்த எண்ணுக்கு நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை.

நாத்தனாரின் இரண்டு பாதங்களின் மேலும் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரு கையளவுகூட இருக்காது. பதினொரு நாள் இருந்தது. நான் தினமும் மருந்து தடவினேன். அதனால் எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை அவளே, "அந்தக் காவலர்கிட்ட ஒரு நன்றிகூடச் சொல்லல" என்றாள். போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. யார் அந்த நான்கு பேர் என்று தெரியாமல் தூக்கம் வராது என்றாள். அவள் கணவனும் நானும் கூடப் போனோம். 10.15க்குப் போய்ச் சேர்ந்தோம். பளீரென்று வெயில். படிக்குக் கீழே அவள் இறங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

காவலரே மேலே வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். எங்களைத் தாண்டி அவளைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கணவன்தான் பேசினான். நன்றி சொன்னான். பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னான், அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் என்று. சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒம்பது வருஷம் ஆச்சு" என்றார். "அதோ, அந்த இடம். சாயங்கால நேரம். போட்டோ எடுக்க வந்தாங்க. எடுக்கற பொம்பளை தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, 'முன்னாடி வாங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே பின்னாடி போனா. நாலு பேரும் கையைக் கோத்துக்கிட்டு அவ சொன்ன மாதிரியே போனாங்க. அந்தச் சின்னப் புள்ள எண்ணிக்கிட்டே போச்சு. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

நாத்தனார் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாலு பேரும் மறுநாள் கரை ஒதுங்கினாங்க. நான்தான் தூக்கினேன்."

"அந்தப் பொம்பளை?" என்று நான் கேட்டேன்.

"கிடைக்கல. போலீஸ் ரொம்ப நாள் தேடுச்சு. கிடைக்கவே இல்ல."

அவள் கணவனுக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. "சரிங்க, பாவம்தான். அதுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இவ கேமராவையே தொட்டதில்ல. ஏழு மணி வரைக்கும் ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுத்துக்கிட்டிருந்தா. இந்தக் கடலை இவ பாத்ததே போன வாரம்தான்."

காவலர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் நான் விசில் அடிச்சேன்" என்றார் அவளிடம். "அன்னைக்கு நீங்க திரும்பிப் பாக்கல."